சிலபஸ் என்னங்க?

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் முதலில் கேட்பது, “புள்ள எந்த ஸ்கூலுங்க?” அடுத்தது, “சிலபஸ் என்னங்க? ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா?” கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் ஒரு பெரிய தொழில். மார்க்குக்காகப் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நாமக்கல் விடுதிகளில் விட்ட காலம் உண்டு. ஃபீஸ் கட்டத் தோட்டத்தை அடமானம் வைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நின்று, “பள்ளிக்கு அனுப்பலைங்க, வீட்டுலதான் படிக்கிறா” என்று சொல்ல எனக்கு வெகுநாள் வாய் வரவில்லை. “ஆன்லைன் கிளாஸுங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வேன்.

மகளுக்கு இப்போது பதிமூன்று வயது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில்தான் அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதை முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே சொல்லிவிடுவாள். நீயே படி என்றால் எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டு போய், வரி முடிவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவாள். வகுப்பில் இத்தனை நாள் அவள் காதால் கேட்டே சமாளித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணும் காதும் பரிசோதித்தோம், குறை எதுவும் இல்லை. கற்றலில் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்தவர், “லேசா இருக்குங்க. அவசரப்படுத்தாம விட்டா வந்துரும்” என்றார்.

பள்ளி திறந்ததும் மாமனார் கேட்டார்: “ஏனம்மிணி, பள்ளிக்கோடம் தொறந்துட்டாங்களாமா. புள்ளைய எப்ப உடறீங்க?”

“சித்தெ பாக்கலாங்க மாமா.”

அந்தச் ‘சித்தெ’ நீண்டு வருடங்களாகிவிட்டது.

சட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பயமாக இருந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக் கல்வி என்ற ஒன்றை அது பேசவே இல்லை. பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. எனக்குத் தெம்பு கொடுத்தது நான்காவது பிரிவு. பள்ளியில் சேராத பிள்ளையோ இடையில் நின்ற பிள்ளையோ எப்போது வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்கு ஈடாக வரத் தனிப்பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். திரும்பிப் போக வழி திறந்தே இருக்கிறது என்று மாமனாரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப பொறகு வேணும்னாலும் சேத்துக்கலாம்?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய மலைப்பு. என்ன பாடம் சொல்லிக்கொடுப்பது?

கோவையில் ‘ஹோம் ஸ்கூல்’ என்று சொன்னால் பலர் வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷா ஹோம் ஸ்கூலைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அது விடுதியோடு கூடிய பள்ளி. நாங்கள் எடுத்த முடிவு வேறு மாதிரி என்று விளக்கிய பிறகு, விசாரிக்கும் இடமெல்லாம் ஒவ்வொரு பெயர் வந்து விழுந்தது: மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன், கேம்பிரிட்ஜ், என்சிஇஆர்டி. அமெரிக்காவிலிருந்து பெட்டியாக வரவழைக்கும் முழு வருடப் பாடங்கள்கூட உண்டு. அதன் விலையைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்காரர் பட்டறையில் ஒரு மாதம் எத்தனை பம்ப் ஷாஃப்ட் கடைந்தால் அதை வாங்கலாம் என்று கணக்குப் போட்டார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த விலையுயர்ந்த பெட்டியை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. அது மகளுக்குப் பொருந்துமா என்ற யோசனையில் எழுந்த ஆசை அல்ல. உறவுக்காரர்கள் வரும்போது மேசைமேல் ஏதாவது அச்சடித்த, கனமான, வெளிநாட்டுப் பெயர் போட்ட ஒன்று இருக்க வேண்டும். ‘இவள் பிள்ளையைச் சும்மா வைத்திருக்கவில்லை’ என்று அது எனக்காகப் பேச வேண்டும். ஒரு தாயாக எனக்குச் சாட்சி தேவைப்பட்டது. வீட்டுக் கல்வியைத் தொடங்கும் அம்மாக்களோடு பேசும்போது இந்தத் தேவை அவர்கள் பேச்சிலும் தெரிகிறது. அதை வெளியே சொல்லிவிட்டால் பாதி பாரம் குறைகிறது என்பதால் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எப்படிப் பிறந்தது என்று தேடிப் படித்தேன். மரியா மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது 1907 ஜனவரியில், ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போன பின் பகலில் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்காக. வால்டார்ஃப் பள்ளி 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கியது. இன்று பணக்காரப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இருக்கும் இரண்டுமே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து உருவானவை. மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் இத்தாலிக்காரரான அவரால் நாடு திரும்ப முடியவில்லை. நாற்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். அந்த மலையின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் வைத்தே பெரிய பிள்ளைகளுக்கான பாடங்களை அவர் விரித்தெடுத்தார். உடுமலை தாண்டி, பழனியைக் கடந்தால் வந்துவிடும் கொடைக்கானல்! ரோமிலிருந்து வந்தவர் தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கண்முன் இருந்ததை எடுத்துக்கொண்டார். படித்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. பிள்ளைகளைப் பார்த்தபின்தான் இவர்கள் பாடத்தை எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் நானும் முதலில் பார்க்க வேண்டும்.

சில வாரங்கள் பாடம் என்று எதையும் நடத்தவில்லை. ஒரு பழைய நாட்குறிப்பில் அவள் தானாக என்ன செய்கிறாள் என்பதை மட்டும் எழுதிவந்தேன். எதில் அதிக நேரம் உட்காருகிறாள், எதை விட்டு எழுந்து ஓடுகிறாள், எந்தக் கேள்வியை மறுநாளும் கேட்கிறாள் என்பவை மட்டும். மாமியார் உரல் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னால் அசைவதில்லை. அப்பாவின் பட்டறையில் தூளும் சுருளுமாக விழும் இரும்புச் சீவலைத் தரம் பிரித்து அடுக்குவாள். ஒரு வேலையை ஏன் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தால் தொடமாட்டாள். ஆங்கிலத்தில் கேட்டால் மனப்பாடமாக ஒரு வரி வரும், கண் எங்கோ போகும். தமிழில் கேட்டால் கையை ஆட்டி, தரையில் படம் போட்டு விளக்குவாள். பாடத்திட்டம் பற்றி நான் படித்த எதையும்விட அந்த நாட்குறிப்பு எனக்கு அதிகம் சொன்னது.

அதிலிருந்து இரண்டு முடிவுகள் எடுத்தோம். தினப் பாடம் தமிழில். முதுகெலும்பாக அரசுப் பாடநூல்.

சமச்சீர்க் கல்விப் புத்தகம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் 2018-க்குப் பிறகு அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு உருவாக்கிய புதிய பாடத்திட்டத்தின்படி 2018-19-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புத்தகம் மாறியது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த வருடம். வண்ணப் படம், நல்ல தாள், விரைவுக் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் வீடியோ. எல்லாவற்றையும் இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை: சமூக அறிவியலில் ஒரே பாடத்துக்குள் பெயரும் வருடமும் அடைத்துவைத்திருக்கும். அறிவியலில் சில இடங்களில் தமிழ் கரடுமுரடாக இருக்கும். துணைக்கு என்சிஇஆர்டியின் பழைய ‘மேத் மேஜிக்’, ‘லுக்கிங் அரவுண்ட்’ புத்தகங்களை எடுத்துக்கொண்டேன். நாலாம் வகுப்பு ‘மேத் மேஜிக்’கின் முதல் பாடமே செங்கல் அடுக்குவது பற்றியது. எங்களுக்குத் தடாகம் பக்கம். செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, 2021-இல் மூட உத்தரவான சூளைகளைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு செங்கலுக்கு எத்தனை முகம் என்று தொடங்கிய பாடம், மண் எங்கிருந்து வந்தது, யானை வழியில் ஏன் குழி விழுந்தது என்று போய் நின்றது.

படிப்பதற்குக் கைகொடுத்தது சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியையின் ஒரு பழக்கம். அவருடைய முறை முழுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கிலாந்துப் பறவையும் ராஜாக்களும் நமக்கு எதற்கு? ஆனால் ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டி, கேட்டதைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற அவருடைய வழக்கம் எங்கள் வீட்டுக்கென்றே செய்தது போலிருந்தது. இங்கே அண்ணன்மார் கதை கேட்டு வளராத வீடு ஏது? மாமியார் பொன்னர் சங்கர் கதையைத் துண்டு துண்டாகச் சொல்ல, மகள் அதைத் தன் போக்கில் எனக்குச் சொல்லுவாள். நான் அவள் சொன்னதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதுவேன். ‘கொம்பன் பன்னி பெருசு. பொன்னாச்சி நாய் சின்னது. ஆனாலும் பொன்னாச்சி பயக்கல.’ இது நான் எழுதியதில் ஒரு பக்கம். மறுநாள் அதை அவள் கையில் கொடுத்தேன். தன் வாயில் வந்த வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்ன என்று அவளுக்குத் தெரியும். எழுத்தைக் கோக்கிற பாடு பாதியாகிவிட்டது. ‘பயக்கல’ வந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தத் தாள்களைத் தைத்து ஒரு புத்தகமாக்கினோம். அவள் முதலில் முழுதாகப் படித்த புத்தகம் அவளே சொன்ன புத்தகம்தான். அச்சுப் புத்தகம் சரளமாக வர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலப் பேப்பரை உரக்கப் படிக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுத சாயங்காலங்கள் உண்டு.

கணக்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாடத்திட்டம் பற்றி என் மனதில் நிலைத்த கருத்து அங்கே உருவானது.

வீட்டில் சுவரலமாரி செய்ய ஒரு வயதான தச்சர் வந்திருந்தார். அவருக்கு இஞ்ச் டேப்தான் உலகம். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். மகள் பக்கத்தில் பென்சிலோடு நிற்க, “அம்மிணி, முக்காலுக்கு ஒரு நூலு கம்மியா குறி போடு” என்றார். கொஞ்சம் நின்றாள். “முக்காலுன்னா ஆறு நூலு. ஒண்ணு போனா அஞ்சு” என்று முணுமுணுத்துவிட்டுக் குறி போட்டாள். முக்காலில் எட்டில் ஒன்றைக் கழித்தால் எட்டில் ஐந்து. அதே கணக்கைப் பலகையில் எழுதிக் கொடுத்தபோது வெறித்துப் பார்த்தவள் இவள்தான். அரை, கால், அரைக்கால் எல்லாம் அந்த டேப்பில் அவளுக்குப் பழகிப்போயின.

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. தட்டுப் பலகைகளின் கனம் போக இருபத்தெட்டு அங்குல உயரம் மிச்சம். அதை மூன்று தட்டாகப் பிரிக்க வேண்டும். பெரியவர் யோசிக்கவே இல்லை. “மேல ரெண்டும் ஒம்போதே கால், அடியில ஒம்போதரை.” கூட்டினால் சரியாக இருபத்தெட்டு. மகளுக்கு ஒப்பவில்லை. “மூணும் ஒரே மாதிரி வேணுங்க தாத்தா. சரியா மூணுல ஒரு பங்கு எங்க வரும்?” டேப்பில் தேடினாள். ஒன்பதைத் தாண்டி இரண்டாவது நூலுக்கும் மூன்றாவது நூலுக்கும் நடுவில் எங்கோ வருகிறது, கோடு இல்லை. “கண்ணுக்குச் சரியா இருந்தாப் போதும் சாமி” என்றார் அவர். அவர் தொழிலுக்கு அது போதும். ஐம்பது வருட அனுபவம் அந்தக் கண்ணில் இருக்கிறது. அவளுக்குப் போதவில்லை.

அன்று இரவு ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில் பின்னங்கள் பாடத்தை அவளாகக் கேட்டு எடுத்தாள். எட்டாகப் பிரித்த அளவுகோலில் மூன்றில் ஒன்று ஏன் உட்காராது, மூன்றுக்கும் எட்டுக்கும் பொதுவாக இருபத்துநாலு எப்படி வருகிறது என்று அதிலிருந்துதான் சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஒரு அங்குலத்தை இருபத்துநாலாகப் பிரித்துத் தாளில் தானே ஒரு அளவுகோல் வரைந்தாள். அதில் எட்டாவது கோட்டில் மூன்றில் ஒன்று வந்து நின்றது.

வாழ்க்கையே பாடம், புத்தகமே வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக் கல்விக்காரர்கள் இருக்கிறார்கள். ஜான் ஹோல்ட் எழுதியவற்றைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தவர்கள் சிலர். அவர்களை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தச்சரின் டேப் இல்லாமல் என் மகள் பின்னத்துக்குள் நுழைந்திருக்க மாட்டாள். பாடநூல் இல்லாமல் டேப்பைத் தாண்டியிருக்கவும் மாட்டாள். பட்டறையில் அப்பாவின் வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிந்தபின், தசமப் புள்ளி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஆனால் தசமத்தைத் தசமத்தால் பெருக்க வெர்னியர் சொல்லித்தராது. வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக, பல பேர் யோசித்துக் கட்டிவைத்த பாடத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பிள்ளை நுழையும் இடத்தை மட்டும் நாம் மாற்றிக்கொள்ளலாம்.

கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவை உதாரணம் காட்டி என்னை ஆறுதல்படுத்தும் பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர் என்பது கோவையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மனிதர்தான் பிற்காலத்தில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்புக் காலம் இவ்வளவு நீளமாக இருக்க வேண்டுமா என்றுதான் அவர் சண்டை போட்டார். படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு வருடம் முழுக்க நொய்யல் ஆற்றை வைத்துச் சமூக அறிவியல் படித்தோம். வெள்ளியங்கிரியில் பிறந்து, பேரூரைத் தொட்டு, குளங்களை நிரப்பி, திருப்பூரின் சாயத்தைச் சுமந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. அதன் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல்; இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் அகழாய்வில் தடயங்கள் கிடைத்த ஊர். புவியியல், வரலாறு, ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு வழக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்தன. கையில் வைத்திருந்தது பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதி குழந்தைகள் கலைக்களஞ்சியம். இப்போது இணையத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. தூரன் மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். சில தகவல்கள் பழசாகிவிட்டன, தமிழ் பழசாகவில்லை. ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசுவது போன்ற அந்த நடையை இன்றைய பாடநூல் எழுதுகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

பாடம் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் பொருந்த வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் பி.காம். காலையில் பட்டறைக் கணக்கு, ஜிஎஸ்டி வேலை, மதியத்துக்குமேல் மாமனாரின் மருந்து மாத்திரை, நடுவில் பாடம். தினமும் ஒரு மணி நேரம் தயாரிப்பு கேட்கும் பாடத்திட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் என் வீட்டில் ஒரு மாதம் தாங்காது. தமிழ் நூலை நான் கையில் எடுத்தால் அப்படியே பேச முடிகிறது. கேம்பிரிட்ஜ் அறிவியலை எடுத்திருந்தால் அகராதியோடு நான்தான் போராடியிருப்பேன். என் களைப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இழப்புகளையும் மறைக்கக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு இரண்டும் கிடையாது. அரசுப் பள்ளியில் சேர்க்கும் நிலையில் இருக்கும் குடும்பம், வீட்டுக் கல்வியை யோசிக்கும் முன் இதை எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். தோழிகள் விஷயமும் சுலபமில்லை. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் நாலரை மணிக்கு வந்து, ஐந்தரைக்கு டியூஷன் போய்விடுவார்கள். கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் மூன்று மணியிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பதை எந்தப் பாடத்திட்டத்தாலும் நான் சரிசெய்ய முடியவில்லை. சிலம்பம் வகுப்பில் சேர்த்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

சான்றிதழ் கேள்விக்கு வருகிறேன். தினம் என்ன படிப்பது என்பது ஒரு முடிவு; பத்தாம் வகுப்புச் சான்றிதழை எங்கே வாங்குவது என்பது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஆறு வயதுப் பிள்ளையின் அம்மா கேம்பிரிட்ஜ் கட்டணத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிறாள். அந்த வயதில் அந்த முடிவு தேவையே இல்லை. பன்னிரண்டு வயதுக்குமேல் எடுத்தால் போதும்.

எங்களுக்கு இப்போது அந்த வயது வந்துவிட்டது. முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வு: 12½ வயது நிரம்பினால் எட்டாம் வகுப்பு, 14½ நிரம்பினால் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பை நேரடியாக முதல்முறை எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பள்ளியில் பதிந்துகொண்டு போய்வர வேண்டும். இன்னொன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் என்ஐஓஎஸ் என்பது. 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று தொடங்கியது. பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்; ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். வருடத்துக்கு இரண்டு தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. பாடங்களைத் தனித்தனியாக எழுதி முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் இரண்டு கட்சி. எங்கள் வீட்டுக்காரரும் மாமனாரும் தனித்தேர்வின் பக்கம். இத்தனை வருடம் படித்தது அந்தப் புத்தகம்தான், எழுதுவதும் தமிழில், சான்றிதழைப் பார்த்து ஊரில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். நான் மற்ற பக்கம். ஒரே மாதத்தில் அடுத்தடுத்து ஐந்து தாளை மூன்று மணி நேரம் எழுதும் வேகம் அவள் கைக்கு இன்னும் வரவில்லை. இந்தத் தேர்வுக்கு இரண்டு பாடம், அடுத்ததற்கு இரண்டு என்று போனால் அவள் கலங்காமல் எழுதுவாள். கற்றலில் சிக்கல் உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் இரண்டு இடத்திலும் உண்டு. அதற்கான மருத்துவச் சான்றிதழுக்கு அலைவது தனி வேலை, அதை இப்போதே தொடங்கிவிட்டேன்.

அவளுக்குப் பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ வேண்டுமாம். அங்கே போனால் ஆங்கிலம் வேண்டும் என்பதால், இந்த வருடம் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்து முடித்ததும் அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பையும் திறந்து வைக்கிறோம். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொற்கள் அவளை மிரட்டுவதில்லை. போன வாரம் என்ஐஓஎஸ் பாடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தானே ஐந்தைக் குறித்துக் கொடுத்தாள்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஓவியம். ஓவியத்தைப் பார்த்ததும் மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதுலயும் பரீட்சை வெப்பாங்களா அம்மிணி?” என்றார். “வெப்பாங்கப்பாரு” என்றாள். சமூக அறிவியலைச் சேர்க்கச் சொல்லி அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். பதிவு செய்ய அடுத்த வருடம்வரை நேரம் இருக்கிறது.